பதினேழாம் கேள்வி

முதல் கேள்வி எளிது.
எத்தனை உருப்படி?
நூற்றுப் பன்னிரண்டு என்கிறார் கவேசெரி.
முந்தாநாள் நூற்றுப் பதினைந்து.
மூன்று கன்றுகள்
நாக்கில் ஒரு கொப்புளம்கூட இல்லாமல்
மடியில் முட்டிக்கொண்டே சாய்ந்தன.
ஒன்றை அறுத்துப் பார்த்தேன்.
இதயத்தில் புலியின் வரிகள், வெளிறிப்போய்.
அதை எழுதவும் ஒரு கட்டம் விட்டிருக்கிறது
போட்ஸ்வானா கால்நடைத் துறை.

ங்காமி ஏரி இந்த வருடம் வெறும் சேற்றுப் பாளம்.
ஒரே ஆழ்துளைக் கிணறு, ஒன்பது பட்டி மாடுகள்,
ஒரே தொட்டி.
முன்னே குடித்த வாயின் எச்சில் இழை
பின்னே வரும் வாய்க்காக மிதக்கிறது.
"பிறர் மாடுகளுடன் நீர் பகிர்வது உண்டா?"
நான் வாசிக்கிறேன்.
பகிராமல் எப்படி என்று
அவரும் கேட்கவில்லை,
படிவமும் சொல்லவில்லை.

ஏழு, வேலி.
யானை ஒன்று தோள் தேய்த்துப் போன இடத்தில்
கம்பி இன்னும் படுத்தே கிடக்கிறது.
இந்தப் பக்கம் காட்டெருமைச் சாணம்,
காலால் புரட்டினேன், உள்ளே ஈரம்.
அவற்றின் தொண்டையில் இந்தக் கிருமி
வாடகை தராத குடித்தனக்காரன்,
வருடக்கணக்காய் இருக்கும்,
அவை தும்முவதுகூட இல்லை.

பதினொன்று, தடுப்பூசி.
"அதை நீயல்லவா சொல்லணும்" என்கிறார்.
சொல்கிறேன்.
மார்ச்சில் வண்டி வந்தது, பெட்டியில் பனிக்கட்டி
வழியிலேயே தண்ணீராகியிருந்தது.
இரண்டாம் தவணைக்கு வண்டி வரவேயில்லை.
டீசல்.

பதினேழு.
இருபத்தொரு நாளுக்குள் வெளிமாடு ஏதும் சேர்ந்ததா?
இல்லை என்கிறார், சட்டென்று.
உவாப்பி நிமிர்கிறாள்.
கொம்பு விரித்த துணிப்பாகை அவளோடு நிமிர்கிறது.
"செவலைக் கிடாரி" என்கிறாள்.
"மகளைக் கேட்டு வந்தவர்கள் கொடுத்தது."
சோதனைச் சாவடியைச் சுற்றி,
சீட்டில்லாமல், மூன்று இரவு நடந்து
வந்து சேர்ந்தபோது
மினுமினுவென்று இருந்ததாம்.
எல்லோரும் தடவிப் பார்த்தார்களாம்.

இருந்திருக்கும்.
உடம்பில் தெரிய இரண்டு நாளோ, பதினாலோ.
அதற்குள் மூச்சில் ஏறி, பாலில் இறங்கி
கிளம்பிவிடும்.
காணும் முன்னே பரவும் காணை.

கவேசெரி மண்ணைப் பார்க்கிறார்.
நான் 'ஆம்' போட்டால்
நாளை சம்பந்தி வீட்டு வாசலில் போலீஸ்.
மாடு எதுவும் விற்க முடியாது,
கல்யாணம் எந்த மாதத்தில் என்று
யாரும் வாய் திறக்க முடியாது.
பேனா நின்ற இடத்தில் மை ஊறிப் பெரிதாகிறது.
போட்டுவிட்டேன்.

இருபத்து மூன்றில் அவர் சிரித்தார்.
பட்டிக்குள் வந்த வெளியாட்கள் யார் யார்?
"உன் பெயரை நீயே எழுதிக்கோ."

பதினோரு நாள் முன்பு.
காதுவில்லை எண்ண வந்தேன்.
வரும் வழியில் மேற்கே இன்னொரு பட்டி.
அங்கே ஒரு பசு முன்னங்காலை உதறி உதறி நின்றது.
முள் ஏறியிருக்கும் என்றுதான் நினைத்தேன்.
சோடா உப்பு டின் காலி.
பூட்ஸை மணலில் தேய்த்துவிட்டு
ஜீப்பில் ஏறினேன்,
இங்கே இறங்கினேன்,
இதே கிடாரியின் கழுத்தைச் சொறிந்துவிட்டேன்.

கிடாரியா, பூட்ஸா, எருமையா, தொட்டியா,
மாதிரிக் குப்பி தலைநகர் போய்த் திரும்பினாலும்
எந்த வழியாக வந்ததென்று சொல்லாது.
ஒரு கட்டத்தில் ஒரு காரணம்தான் கொள்ளும்.
ஓரத்தில் சின்ன எழுத்தில்
என் பெயர், தேதி, வண்டி எண்.

உவாப்பி வாளி கொண்டுவந்து வைக்கிறாள்.
இன்று டின் நிறைய உப்பு இருக்கிறது.
ஒரு காலை அமிழ்த்தி,
உதறி,
மறு காலில் எடையை மாற்றி,
உதறி,
அந்தப் பசு நின்றாற்போல் நிற்கிறேன்.
எச்சில் ஒழுக எல்லா மாடுகளும்
இங்கேயே பார்க்கின்றன.